புரொஜெக்‌ஷன் டிவிக்குள் உடைந்த கண்ணாடியை மாற்றும் முறை

பெட்டிக்குள்ளிருந்தே திரையின் பின்பக்கத்தில் படத்தை வீசுகிற ரியர் புரொஜெக்‌ஷன் டிவியின் உள்கண்ணாடி உடைந்துவிட்டது என்று வருகிறவர்கள் அநேகமாக முதலில் கேட்பது, "கண்ணாடிக் கடையில அளவு கொடுத்து வெட்டிப் போட்டுடலாமாண்ணே?" என்றுதான். போடக் கூடாது. ஏன் கூடாது, அதற்குப் பதில் எதைப் போட வேண்டும், எப்படிப் போட வேண்டும் என்பதைத்தான் எழுதப் போகிறேன்.

நான் ராமநாதபுரத்தில் டிவி ரிப்பேர் பார்க்கிறவன். கீழக்கரை பக்கம் பழைய வீடுகளில் துபாயிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் கப்பலில் வந்த பெரிய டிவிகள் இன்னும் சில இருக்கின்றன. பீரோ அளவுக்கு மரப்பெட்டி, கீழே ஸ்பீக்கர், மேலே 43 அங்குலமோ 50 அங்குலமோ திரை. சோனி நிறுவனம் இந்த வகை டிவியைக் கைவிடுவதாக 2007 டிசம்பரில் அறிவித்தது. கடைசிவரை தாக்குப்பிடித்த மிட்சுபிஷியும் 2012-இல் நிறுத்திவிட்டது. ஆகவே கம்பெனி ஸ்பேர் என்று ஒன்றை எதிர்பார்க்க முடியாது. ஆனாலும் பழைய கல்யாண கேசட்டையும் பழைய படத்தையும் மூன்று டியூப் டிவியில் பார்க்கிற சுகம் தனி. புது எல்ஈடி டிவி அந்தப் பழைய வீடியோவைக் கட்டம் கட்டமாக இழுத்துக் காட்டும். இதில் அது மென்மையாக, கறுப்பு கறுப்பாகவே தெரியும். டியூப் நன்றாக இருக்கிற செட்டைக் கண்ணாடி உடைந்ததற்காகக் காயலான் கடைக்கு அனுப்புவதில் எனக்குச் சம்மதமே இல்லை.

முதலில் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்த்துவிடலாம். பெட்டியின் அடியில் சிவப்பு, பச்சை, நீலம் என்று தலா ஒன்றாக மூன்று சிறிய பிக்சர் டியூப்கள். பெரும்பாலும் 7 அங்குலம். ஒவ்வொன்றின் தலையிலும் கனமான ஒரு லென்ஸ். மூன்றிலிருந்தும் வெளிச்சம் மேல்நோக்கிப் பின்பக்கமாகப் போய், சாய்ந்து நிற்கும் பெரிய கண்ணாடியில் பட்டு, முன்னால் இருக்கும் திரையில் விழுகிறது. கண்ணாடி இல்லாமல் லென்ஸ் நேராகத் திரையைப் பார்க்க வேண்டுமென்றால் பெட்டி இன்னும் ஒரு மடங்கு ஆழமாக இருந்திருக்கும். கூடத்தில் பாதியை அடைத்துக்கொள்ளும்.

அந்தப் பெரிய கண்ணாடியில் ரசம் முன்பக்கம் இருக்கிறது. முகம் பார்க்கும் கண்ணாடியில் ரசம் பின்பக்கம், அதற்கு மேல் பெயின்ட். வெளிச்சம் கண்ணாடிக்குள் புகுந்து, பின்னால் இருக்கும் ரசத்தில் பட்டுத் திரும்பி வரும். அப்படி வரும்போது கண்ணாடியின் முன்முகமும் தன் பங்குக்குச் சுமார் 4 சதவீத வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பிவிடும். முகம் பார்க்கும்போது இது நம் கண்ணுக்குத் தெரியாது. டிவிக்குள் சாய்வாக வைக்கும்போது தெரியும். 4 மி.மீ. கனக் கண்ணாடியில் 45 டிகிரிச் சாய்வில் வெளிச்சம் விழுந்தால், அசல் படத்திலிருந்து கிட்டத்தட்ட 3 மி.மீ. தள்ளி மங்கலான இரண்டாவது படம் ஒன்று விழும். கறுப்பில் வெள்ளை எழுத்து வந்தால் போதும், எழுத்துக்கு அருகில் இன்னொரு எழுத்து நிற்கும்.

கீழக்கரையில் ஒரு வீட்டில் யாரோ ஒரு மெக்கானிக் டிரஸ்ஸிங் டேபிள் கண்ணாடியை வெட்டிப் போட்டுவிட்டுப் போயிருந்தார். அந்த வீட்டுப் பெரியம்மா என்னைப் பார்த்ததும் சொன்னது: "செய்தி எழுத்தெல்லாம் ரெட்டை ரெட்டையாத் தெரியுதே வாப்பா, என் கண்ணுதான் போச்சுன்னு நெனச்சேன்." கண்ணில் ஒன்றும் இல்லை. சேனலின் பெயர் மூலையில் இரண்டாக நின்றது. செய்தி ஓடுகிற பட்டை முழுக்க நிழல். சரியான கண்ணாடியைப் போட்டதும் அந்த அம்மா எழுந்து திரைக்குப் பக்கத்தில் போய், ஓடுகிற எழுத்தைச் சத்தமாக வாசித்துக் காட்டினார்கள்.

கண்ணாடிதான் கோளாறா?

கண்ணாடியில் விரிசல் விட்டால் எந்த சேனல் போட்டாலும், டிவிடி போட்டாலும், ஒரே இடத்தில் ஒரே கோடு நிற்கும். கோட்டின் இரண்டு பக்கமும் படம் லேசாக விலகியிருக்கும். மூன்று நிறத்துக்கும் அது பொது. ஒரு நிறம் மட்டும் மங்கினாலோ, ஒரு நிறத்தில் மட்டும் திட்டுத் திட்டாகப் பாசி மாதிரி தெரிந்தாலோ அது டியூப் பக்கத்துக் கோளாறு. டியூபுக்கும் லென்ஸுக்கும் நடுவே இருக்கும் கூலிங் திரவம் கெட்டுப்போனால் அப்படி ஆகும். அதற்குக் கண்ணாடியைக் கழற்ற வேண்டியதில்லை.

மூலையில் சின்ன விரிசல் இருந்து படத்தில் எதுவும் தெரியவில்லை என்றால் அப்படியே விடுங்கள். வெளிச்சம் படாத ஓரம் அது. கண்ணாடியின் பின்பக்கம் கை எட்டினால் விரிசல் மேல் அகலமான டேப் ஒன்றை ஒட்டிவிடுங்கள். துண்டு கழன்று கீழே லென்ஸ் மேல் விழாமல் அது பிடித்துக்கொள்ளும். நல்லபடியாக ஓடுகிற செட்டைப் பிரிக்காமல் இருப்பதும் ரிப்பேர்க்காரன் வேலைதான்.

சில செட்டுகளில் கண்ணாடியே இருக்காது. ஒரு சட்டத்தில் இழுத்துக் கட்டிய ரசம் பூசிய பிளாஸ்டிக் தாள் இருக்கும். பின்பக்கம் விரலால் மெதுவாகத் தட்டினால் பறை மாதிரி அதிரும். அது கிழிந்தாலோ சுருங்கினாலோ அதே மாடல் செட்டிலிருந்து சட்டத்தோடு மாற்றுவதுதான் வழி. தாளை வாங்கி வீட்டில் சுருக்கமில்லாமல் இழுத்துக் கட்டிவிடலாம் என்று இறங்காதீர்கள்.

கண்ணாடிக்கு எங்கே போவது

சிறந்த கண்ணாடி, செத்துப்போன இன்னொரு புரொஜெக்‌ஷன் டிவிக்குள் இருக்கிறது. டியூப் போனது, போர்டு எரிந்தது என்று ஒதுக்கிய செட் எங்காவது மாடிப்படிக்கு அடியில் கிடக்கும். காயலான் கடைக்காரர்களிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். அவர்கள் செம்புக்கும் போர்டுக்கும்தான் செட்டை உடைப்பார்கள், கண்ணாடி அவர்களுக்குக் குப்பை. சொல்லி வைத்திருந்தால் முதல் அடி விழும் முன் போன் வரும்.

அதே மாடல் கிடைத்தால் யோகம். கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை, வேண்டியதைவிடப் பெரிய கண்ணாடியாக இருந்தால் வெட்டிக்கொள்ளலாம். டியூபுக்குப் பதில் லாம்ப் வைத்த எல்சிடி, டிஎல்பி புரொஜெக்‌ஷன் செட்டின் கண்ணாடியும் டியூப் செட்டுக்கு ஆகும். பெரும்பாலும் கண்ணாடி நேர்ச்சதுரமாக இருக்காது, மேலே அகலமாகவும் கீழே குறுகலாகவும் இருக்கும். லென்ஸிலிருந்து தூரம் போகப்போக வெளிச்சம் விரிவதால் அந்த வடிவம். ஆகவே மேல் அகலம், கீழ் அகலம், உயரம், கனம் என்று நான்கு அளவையும் எழுதிக்கொண்டு போங்கள். திரை 50 அங்குலம் என்று மட்டும் சொன்னால் யாராலும் உதவ முடியாது.

புதிதாக வாங்குவதானால் ஆப்டிக்கல் சாமான் விற்கிறவர்களிடம் "ஃபர்ஸ்ட் சர்ஃபேஸ் மிரர்" என்று கேளுங்கள். "ஃப்ரன்ட் சர்ஃபேஸ்" என்றாலும் அதுதான். அக்ரிலிக்கில் கொடுக்கிறேன் என்றால் வேண்டாம் என்றுவிடுங்கள். இந்த அளவுக்கு அக்ரிலிக் வளையும், வளைந்தால் படத்தில் நேர்க்கோடு எல்லாம் வில்லாகும்.

கடையிலோ காயலான் கடையிலோ கையில் எடுத்ததும் செய்ய வேண்டிய சோதனை ஒன்று உண்டு. ஒரு விசிட்டிங் கார்டின் மூலையைக் கண்ணாடி மேல் மெதுவாகத் தொடும்படி வையுங்கள். மூலையும் அதன் பிம்பமும் ஒன்றையொன்று நேராகத் தொட்டுக்கொண்டால் ரசம் முன்பக்கம். நடுவே இடைவெளி தெரிந்தால் அது சாதாரணக் கண்ணாடி. விரல் நகத்தை வைத்துப் பார்க்கிறவர்கள் உண்டு, நான் வைப்பதில்லை. வியர்வையும் எண்ணெயும் அந்த அலுமினியப் பூச்சில் தடமாகவே தங்கிவிடும்.

சாதாரணக் கண்ணாடியின் பின்பெயின்ட்டைச் சுரண்டி எடுத்துவிட்டு அதைத் திருப்பி வைக்கலாமே என்ற யோசனையும் வரும். பெயின்ட் ரிமூவர் போட்டால் ரசமும் சேர்ந்து திட்டுத் திட்டாகக் கிளம்பும். பல கண்ணாடிகளில் வெள்ளி ரசத்துக்கும் பெயின்ட்டுக்கும் நடுவே செம்புப் பூச்சு வேறு இருக்கும். பெயின்ட் போனால் எதிரே நிற்பது அந்தச் செம்புதான். நேரத்தை அதில் விடாதீர்கள்.

கடலோர வீட்டிலிருந்து வந்த கண்ணாடியென்றால் ஓரங்களை நன்றாகப் பாருங்கள். உப்புக் காற்று அலுமினியத்தைத் தின்னும். ஓரத்தில் கறுத்துப் பூத்திருந்தால் அந்தப் பகுதி வெளிச்சப் பாதைக்கு வெளியே போகும்படி வெட்ட முடியுமா என்று பாருங்கள். விளக்குக்கு எதிரே பிடித்தால் ஊசிமுனை அளவில் அங்கங்கே வெளிச்சம் தெரியலாம். அதற்குக் கவலைப்பட வேண்டாம். படம் துல்லியமாக விழுகிற இடம் திரை, கண்ணாடி அல்ல. சின்னப் புள்ளி கண்ணாடியில் இருந்தால் படத்தில் தெரியாது.

பிரிப்பதற்கு முன்

பிளக்கைப் பிடுங்குங்கள். ஒரு ராத்திரி முழுக்க அப்படியே விடுங்கள். டியூபுக்குப் போகும் ஈஎச்டி என்கிற உயர் மின்னழுத்தம் 30 ஆயிரம் வோல்ட்டை ஒட்டி இருக்கும், அணைத்த பிறகும் டியூபில் சார்ஜ் தங்கும். சப்ளை பக்கத்துப் பெரிய கெப்பாசிட்டரிலும் 300 வோல்ட்டுக்கு மேல் நிற்கும். ராத்திரி விட்டாலும் சார்ஜ் முழுக்க இறங்கிவிட்டதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கண்ணாடி மாற்றுகிற வேலையில் அந்தப் பக்கம் கையே போக வேண்டியதில்லை. ரப்பர் தொப்பி போட்ட தடித்த ஒயர்களைத் தொடாமல், டியூப் போர்டு எல்லாவற்றையும் ஒரு பழைய போர்வையால் மூடிவிடுங்கள். பழகாதவர்கள் கீழ்ப்பெட்டியைத் திறக்கவே வேண்டாம்.

இந்த வேலைக்கு இரண்டு பேர் வேண்டும். 3 மி.மீ. கண்ணாடி, 90-க்கு 60 சென்டிமீட்டர் என்றால் 4 கிலோ வரும், 5 மி.மீ. என்றால் 7 கிலோவை ஒட்டும். எடை பெரிதில்லை, ஆனால் உடைந்த கண்ணாடியை ஒரு ஆள் இரண்டு கையால் பிடித்துக்கொண்டு மூன்றாவது கையால் ஸ்குரூ கழற்ற முடியாது. தோல் கையுறை, மூடிய செருப்பு, கண்ணுக்குக் கவசம். குழந்தைகளை அந்த அறைக்குள் விடாதீர்கள்.

எங்கே திறப்பது என்பது செட்டுக்குச் செட் மாறும். பெரும்பாலானவற்றில் வழி முன்பக்கம்: கீழே ஸ்பீக்கர் துணிச் சட்டத்தை இழுத்தால் கழன்று வரும், அதற்குப் பின்னால் திரைச் சட்டத்தைப் பிடிக்கும் ஸ்குரூக்கள் இருக்கும். சிலவற்றில் பின்பக்க மேல்மூடியிலேயே கண்ணாடி ஒட்டியிருக்கும். மூடியைக் கழற்றினால் கண்ணாடியும் கூடவே வரும், ஆகவே கடைசி ஸ்குரூவை எடுக்கும்போது ஒருவர் மூடியைத் தாங்கிக்கொள்ள வேண்டும். எது என்று தெரியாமல் கண்டதையும் கழற்றாதீர்கள். டார்ச் அடித்துக் காற்றுத் துளை வழியாக உள்ளே பார்த்தாலே பாதி விஷயம் புரிந்துவிடும். கழற்றும் ஒவ்வொரு கட்டத்தையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

திரையைக் கழற்றியதும் அதை எங்கே வைப்பது என்பது மிக முக்கியம். திரையின் உட்பக்கத்தில் இருப்பது ஃப்ரெனல் லென்ஸ். உற்றுப் பார்த்தால் இசைத்தட்டில் இருப்பது போல வட்ட வட்டமாக வரிகள் தெரியும். அவ்வளவு பெரிய தகடும் சேர்ந்து ஒரு பூதக் கண்ணாடி. நம் ஊர் வெயிலில் அதைத் திண்ணையிலோ முற்றத்திலோ சாய்த்து வைத்தால் வெயிலைக் குவித்து மரத்தை எரிக்கும், துணியைப் பற்ற வைக்கும், பக்கத்தில் நிற்கிறவர் கண்ணையும் கெடுக்கும். ஜன்னல் வழியாக வருகிற வெயில் கூடப் படக் கூடாது. வீட்டுக்குள் நிழலான மூலையில், பெட்ஷீட் போர்த்தி, நேராக நிறுத்துங்கள். ரொம்பச் சாய்த்து நாள்கணக்கில் விட்டால் வளைந்துபோகும். உள்தகட்டையும் வெளித்தகட்டையும் பிரிக்காதீர்கள். பிரிந்துவிட்டால் எந்த முகம் எதைப் பார்த்தது, மேல் எது என்று உடனே டேப் ஒட்டிக் குறித்துவிடுங்கள். ஸ்பிரிட் போட்டுத் துடைக்கவும் கூடாது, பிளாஸ்டிக் வெடித்து நரம்பு நரம்பாக ஆகிவிடும்.

உடைந்ததை எடுப்பது

முதலில் மூன்று லென்ஸ்களையும் மூடுங்கள். அவற்றின் மேல்முகம் பெரும்பாலும் பிளாஸ்டிக்தான், ஒரு கண்ணாடித் துகள் உரசினாலே கோடு விழும். சுத்தமான பழைய வேட்டித் துணியை இரண்டு மூன்று மடிப்பாக மடித்து ஒவ்வொரு லென்ஸ் மேலும் போட்டு, அதற்கும் மேலே போர்வை. அப்புறம் உடைந்த கண்ணாடி முகம் முழுக்கப் பேக்கிங் டேப்பைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டுங்கள். வெளியே எறியப் போகிற கண்ணாடிதான், தாராளமாக ஒட்டலாம். துண்டுகள் ஒன்றாகவே வரும்.

கண்ணாடியை ஓரங்களில் கிளிப்புகள் பிடித்திருக்கும். கிளிப்புக்கு அடியில் ஃபோம், அட்டை, வாஷர் என்று ஏதாவது இருக்கும். எந்தக் கிளிப்பில் எது, எத்தனை என்பதைப் பேப்பரில் வரைந்து குறியுங்கள். தொழிற்சாலையில் படத்தை நேராக்க வைத்த முட்டு அது, புதுக் கண்ணாடிக்கும் வேண்டும். பக்கத்துக் கிளிப்பு, கீழ்க் கிளிப்பு, மேல் கிளிப்பு என்ற வரிசையில் கழற்றுங்கள். கண்ணாடியின் மேல்விளிம்பு நம் பக்கம் சாய்ந்திருப்பதால் மேல் கிளிப்பைக் கழற்றினால் அது நம் மேல்தான் வரும். ஒருவர் இரண்டு கையாலும் தாங்கிக்கொண்ட பிறகே மேல் கிளிப்பில் கை வையுங்கள்.

கண்ணாடி வெளியே வந்ததும் துகள் வேட்டை. ஏர் புளோயரால் ஊதாதீர்கள், துகள் லென்ஸ் இடுக்குக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். வேக்குவம் கிளீனர் குழாயைத் தூரத்தில் பிடித்து உறிஞ்சுங்கள். மரப்பெட்டியின் மூலையில் கிடக்கும் பொடித் துகள்களுக்கு, சப்பாத்திக்குப் பிசைந்த மாவில் ஒரு உருண்டை எடுத்து ஒற்றி எடுத்தால் எதுவும் மிஞ்சாது. அம்மா வீட்டில் தம்ளர் உடைந்தால் செய்கிற அதே வித்தைதான். லென்ஸ் மேல் மட்டும் மாவு வேண்டாம். அதற்கு ரப்பர் பல்பால் மெதுவாக ஊதி, பிறகு பூந்துணியால் லேசாகத் துடைத்தால் போதும். ஒரு கிளிப்போ ஸ்குரூவோ கீழே விழுந்திருந்தால் அதைத் தேடி எடுக்காமல் செட்டைப் போடாதீர்கள். அது ஷார்ட் ஆக்கிவிடும்.

வெட்டுவதும் துடைப்பதும்

அளவு சரியாக இருந்தால் வெட்டும் வேலை இல்லை. வெட்ட வேண்டுமென்றால் கண்ணாடி உட்காரும் இடத்தில் நியூஸ்பேப்பரை விரித்து மாதிரி எடுங்கள், ஒவ்வொரு பக்கமும் 2 மி.மீ. விட்டுக் குறைத்து வெட்டுங்கள். ரசப் பக்கத்தில் பாதுகாப்பு ஃபிலிம் இருந்தால் அது இருக்கட்டும். பழைய கண்ணாடியில் ஃபிலிம் இருக்காது, ஆகவே மேசையைத் தூசி இல்லாமல் துடைத்து, புது வெள்ளைத் தாள் விரித்து, ரசப் பக்கத்தைக் கீழே வைத்து, ரசம் இல்லாத பின்பக்கத்தில் கட்டரை இழுங்கள். ஒரே இழுப்பு, திரும்ப ஓட்டக் கூடாது. கண்ணாடிக் கடைக்காரரிடம் கொடுத்தால் ரசம் எந்தப் பக்கம் என்று எழுதி ஒட்டிக் கொடுங்கள், பக்கத்தில் நின்று பாருங்கள். அவர்கள் கை பழக்கம் வேறு, தேய்த்துத் துடைத்துக் கொடுப்பதை ஒரு மரியாதையாகச் செய்வார்கள். இந்தக் கண்ணாடிக்கு அந்த மரியாதை ஆகாது.

பழைய கண்ணாடியைக் கழுவுவதற்கு அமோனியா கலந்த கண்ணாடித் திரவம் கூடாது, சோப்புத்தூள் கூடாது. காரம் அலுமினியத்தைக் கரைக்கும். ரப்பர் பல்பால் தூசியை ஊதிவிட்டு, பேட்டரிக்கு ஊற்றுகிற டிஸ்டில்ட் வாட்டரில் பாத்திரம் துலக்கும் திரவம் ஒரே ஒரு சொட்டு விட்டு, புதுப் பஞ்சை நனைத்து மேலிருந்து கீழே அதன் எடையிலேயே இழுத்துக்கொண்டு வாருங்கள். அழுத்தாதீர்கள். ஒரு இழுப்புக்கு ஒரு பஞ்சு, அழுக்கான பஞ்சைத் திருப்பிப் போடாதீர்கள். கடைசியில் வெறும் டிஸ்டில்ட் வாட்டரால் அலசி, சாய்த்து நிறுத்திக் காய விடுங்கள். லேசாகப் புகை படிந்தது போல இருந்தாலும் அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பளபளப்பாக்கப் போனால் பூச்சு போகும்.

உட்கார வைப்பது

ஃபேனை அணைத்துவிட்டு ஃபிலிமை மெதுவாக உரியுங்கள், வேகமாக உரித்தால் தூசி எல்லாம் ஓடிவந்து ஒட்டும். கண்ணாடியை ஓரத்தை மட்டும் பிடித்து, ரசப் பக்கம் லென்ஸையும் திரையையும் பார்க்கும்படி வையுங்கள். கேட்டால் சின்ன விஷயம். ஆனால் திருப்பி வைத்தால் இவ்வளவு பாடும் வீண்.

கிளிப்பு கண்ணாடியை நெரிக்கக் கூடாது. பிடித்திருக்க வேண்டும், அவ்வளவுதான். ஒரு மூலையை இறுக்கி முறுக்கினால் கண்ணாடி கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு வளையும், படத்தில் அது தெரியும். சிலிக்கான் பசை போட்டு ஒட்ட நினைக்காதீர்கள். காடி நெடி அடிக்கிற சிலிக்கானிலிருந்து வருகிற அமிலம் ரசத்தை அரிக்கும். ஃபெவிக்விக்கின் ஆவி பக்கத்துப் பரப்பில் வெள்ளையாகப் படியும். கிளிப்பும் ஃபோமும் போதும்.

பழைய கண்ணாடியும் புதியதும் ஒரே கனம் இல்லையென்றால் கொஞ்சம் யோசிக்க வேண்டும். முன்பக்க ரசம் பழைய ரசம் நின்ற அதே தளத்தில் நிற்க வேண்டும். கண்ணாடி முன்பக்கச் சட்டத்தில் முட்டி நின்று பின்னால் ஃபோம் தள்ளுகிற அமைப்பு என்றால் கனம் மாறினாலும் ரசம் அதே இடத்தில்தான், ஃபோமை மட்டும் கூட்டிக் குறையுங்கள். பின்னால் மரப்பட்டையில் படுத்திருக்கிற அமைப்பு என்றால், 1 மி.மீ. மெலிந்த கண்ணாடிக்குப் பின்னால் 1 மி.மீ. அட்டை வைக்க வேண்டும், எல்லாப் பக்கமும் சமமாக. கண்ணாடி எவ்வளவு சாய்கிறதோ அதுபோல் இரண்டு மடங்கு கோணத்துக்கு வெளிச்சம் திசை மாறும். 60 சென்டிமீட்டர் உயரக் கண்ணாடியில் மேல்விளிம்பு மட்டும் 1 மி.மீ. முன்னால் வந்தால், அரை மீட்டர் தள்ளி இருக்கும் திரையில் படம் கிட்டத்தட்ட 2 மி.மீ. நகர்ந்துவிடும்.

படத்தை நேராக்குவது

திரையை நாலைந்து ஸ்குரூவில் மட்டும் பிடித்துவிட்டு, லென்ஸ் மேல் போட்ட துணியை எல்லாம் எடுத்துவிட்டீர்களா என்று பார்த்து, செட்டைப் போடுங்கள். அரை மணி நேரம் ஓட விடுங்கள். சூடேறாத டியூபில் பார்த்துச் செய்கிற அட்ஜஸ்ட்மென்ட் சூடேறியதும் மாறிவிடும். பிறகு மெனுவில், மூன்று நிறத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்துகிற கன்வர்ஜன்ஸுக்குள் போய்க் கட்டம் போட்ட படத்தை வரவழைத்து, அளவுகோலை வைத்துப் பாருங்கள்.

மூன்று நிறமும் சேர்ந்தே மேலே அகலமாகவோ கீழே அகலமாகவோ இருந்தால் கண்ணாடியின் சாய்வு மாறியிருக்கிறது. இடது பக்கம் உயரமாகவும் வலது பக்கம் குட்டையாகவும் இருந்தால் ஒரு பக்கம் முன்னால் வந்திருக்கிறது. கோடுகள் மூன்று நிறத்திலும் ஒரே மாதிரி வளைந்தால் ஏதோ ஒரு கிளிப்பு நெரிக்கிறது. இவை எல்லாவற்றையும் அட்டை வைத்து, கிளிப்பைத் தளர்த்தித்தான் சரிசெய்ய வேண்டும், ஒவ்வொரு முறையும் செட்டை அணைத்துப் பிளக்கைப் பிடுங்கிவிட்டு. கண்ணாடியின் கோணலை மெனுவில் நிமிர்த்தப் பார்ப்பது எனக்குப் பிடிக்காத வழி. நடுவில் சரியாகும், மூலைக்கு வரும்போது நிறம் பிரிந்து நிற்கும்.

படம் நேராக நின்ற பிறகும் வெள்ளைக் கோட்டின் ஓரத்தில் சிவப்போ நீலமோ எட்டிப் பார்த்தால், அது மெனு வேலை. பச்சையைத் தொடாமல் சிவப்பைப் பச்சை மேல் கொண்டுவாருங்கள், அப்புறம் நீலம். நடுவிலிருந்து ஆரம்பித்து ஓரத்துக்குப் போங்கள். நீலத்தில் சிறு பிசகு இருந்தால் கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாது, சிவப்பில் தெரியும், ஆகவே பொறுமையைச் சிவப்பில் செலவிடுங்கள். சர்வீஸ் மெனுவுக்குள் போவதாக இருந்தால், எந்த எண்ணையும் மாற்றும் முன் ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

எல்சிடி, டிஎல்பி புரொஜெக்‌ஷன் செட்டில் மூன்று டியூப் கிடையாது, ஒரே லாம்ப். கன்வர்ஜன்ஸ் வேலையும் கிடையாது. லாம்ப் நன்றாக ஆறிய பிறகு தொடுங்கள். அதற்குள் பாதரசம் இருப்பதால் உடைத்துவிடாதீர்கள். படத்தை நேராக்க மெனுவில் இடம் குறைவு என்பதால் கண்ணாடிக்கு அட்டை வைக்கிற வேலையை இன்னும் நிதானமாகச் செய்ய வேண்டும். மற்றபடி கண்ணாடி அதே வகை, துடைக்கும் முறை அதே.

எல்லாம் சரியாக வந்ததும் மீதி ஸ்குரூக்களைப் போடும் முன், பெட்டியின் உட்பக்க மரத்தில் கண்ணாடியின் நான்கு அளவையும் எந்தக் கிளிப்பில் எத்தனை அட்டை என்பதையும் பென்சிலால் எழுதிவிடுங்கள். அடுத்து திறக்கிறவருக்கு உதவும், அது நீங்களாகவே இருக்கலாம்.

டேப் ஒட்டிய பழைய கண்ணாடியை அப்படியே தெருக் குப்பையில் போடாதீர்கள். அட்டைப் பெட்டிக்குள் வைத்து, நாலு பக்கமும் ஒட்டி, மேலே "உடைந்த கண்ணாடி" என்று பெரிதாக எழுதி, குப்பை எடுக்க வருகிறவர் கையில் சொல்லிக் கொடுங்கள். வெறும் கையால் அள்ளுகிறவர்கள் அவர்கள். இனி வீடு மாற்றும்போது செட்டைப் படுக்கப் போட்டு வண்டியில் ஏற்றாதீர்கள். நின்ற நிலையிலேயே கட்டிக் கொண்டுபோங்கள். தூரமாகப் போகிறதென்றால் கண்ணாடியைக் கழற்றித் தனியாக, நிமிர்த்தியபடி எடுத்துப் போங்கள்.